மின்தூக்கியில் ஏறிய கோம்பி

படுத்துறங்க வசதியுள்ள பழைய கேம்பர் வேன் வாங்கி வீட்டிலேயே சரிசெய்த வெளிநாட்டுக்காரர்களின் குறிப்புகளைப் படித்தால், எல்லாவற்றிலும் ஒரு முன்வாசல் இருக்கும். வண்டியை அங்கே நிறுத்தி, சனி ஞாயிறுகளில் அடியில் படுத்து, வசதிப்பட்டபோது வேலை செய்வார்கள். சிங்கப்பூரில் நம்மில் பெரும்பாலோருக்கு அந்த முன்வாசல் கிடையாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் வாகனத்தைப் பழுதுபார்க்கக் கூடாது என்பது விதி. தாழ்வாரத்தில் சாமான் பரப்பலாமென்றால், ஆபத்து நேரத்தில் ஆட்கள் வெளியேற 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். பட்டறைகளோ காக்கி புக்கிட், ஊபி, சின் மிங் என்று தொழிற்பேட்டைகளில் இருக்கின்றன. ஆகவே இங்கே ஒருவர் “வேனை வீட்டில்தான் சரிசெய்தேன்” என்றால், வேனின் எந்தெந்தப் பகுதி வீட்டுக்கு வந்தது என்றுதான் கேட்க வேண்டும்.

ஈசூனில் நான்கறை வீட்டில் இருக்கும் என் அத்தான் வாங்கிய 1973ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன் கோம்பி வேனின் கதை இது. அத்தான் பள்ளி ஆசிரியர். ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை, பொறுமை நிறைய உண்டு. நான் விமான எஞ்சின் உதிரிபாகங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் பல காலம் இருந்தவன். கார் மெக்கானிக் அல்ல. கழற்றும் ஒவ்வொரு திருகையும் பையில் போட்டுச் சீட்டு ஒட்டும் பழக்கம் மட்டும் கையோடு வந்துவிட்டது. இந்த வேலையில் அதிகம் உதவியது அதுதான்.

காகிதம்

கோம்பியின் பூர்வீகம் பலருக்குத் தெரியும். டச்சுக்காரரான பென் பொன் 1947 ஏப்ரலில் ஒரு குறிப்பேட்டில் கிறுக்கிய படத்திலிருந்து பிறந்து, 1950 மார்ச்சில் உற்பத்திக்கு வந்த வண்டி. 1967 வரை வந்த முதல் தலைமுறைக்கு முன்கண்ணாடி இரண்டு துண்டு. அதன்பின் வளைந்த ஒற்றைக் கண்ணாடியுடன் வந்த இரண்டாம் தலைமுறை ஜெர்மனியில் 1979 வரையிலும், பிரேசிலில் 2013 டிசம்பர் வரையிலும் உற்பத்தியானது. இன்றும் இதற்கு ரப்பரும் தகரமும் கிடைப்பதற்கு அந்தப் பிரேசில் காலநீட்டிப்பும் ஒரு காரணம். அத்தானுடையது இரண்டாம் தலைமுறை.

இந்தப் பூர்வீகத்தையெல்லாம் விட சிங்கப்பூரில் முக்கியம், வண்டி எந்தப் பதிவில் இருக்கிறது என்பது. மூன்று வயதைத் தாண்டிய பழைய காரைச் சாதாரண வழியில் இங்கே இறக்குமதி செய்ய முடியாது. எனவே பார்க்க வேண்டியது ஏற்கெனவே இங்கே பதிவாகி ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளைத்தான். அதிலும் சரக்கு வாகனமாகப் பதிவானவற்றுக்கு ஆயுள் வரம்பு 20 ஆண்டு. காராகப் பதிவானதற்கு அந்த வரம்பில்லை. வண்டி வைத்திருக்கும் உரிமையைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத் தரும் வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஒரு கண்ணி உண்டு: பத்தாண்டுக்குப் புதுப்பித்திருந்தால் மறுபடியும் புதுப்பிக்கலாம், ஐந்தாண்டுக்குப் புதுப்பித்திருந்தால் அதோடு சரி.

அத்தான் முதலில் பார்த்த வண்டி அப்படி ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தது. விலை மலிவு, உள்ளே மரவேலை அழகு. “இதையே முடிச்சிடலாம் மாப்ள” என்றார். சான்றிதழில் மிச்சமிருந்த மாதங்களை எண்ணிக் காட்டியபின் அமைதியானார்.

இரண்டாவது வண்டி பத்தாண்டுக்குப் புதுப்பித்தது. ஆறாண்டுக்கு மேல் மீதம் இருந்தது. இன்னொரு சாதகம் எஞ்சினில். கோம்பியில் அந்தக் காலத்தில் இரண்டு குடும்ப எஞ்சின்கள் வந்தன. பீட்டில் காரில் உள்ள 1,584 சிசி ஒன்று. அதைவிடப் பெரியதாக 1,700, 1,800, கடைசியில் 2,000 சிசி வரை வளர்ந்தது மற்றொன்று. பெரிய எஞ்சின் ஓட்ட நன்றாக இருக்கும். ஆனால் நம் ஊரில் 1,600 சிசிக்குள் இருந்தால் சான்றிதழில் ‘ஏ’ பிரிவு, தாண்டினால் ‘பி’ பிரிவு. புதுப்பிக்கும்போது கட்ட வேண்டியது அந்தந்தப் பிரிவின் ஏல விலையின் மூன்று மாதச் சராசரி. 2023 அக்டோபரில் ‘ஏ’ பிரிவு 106,000 வெள்ளியையும் ‘பி’ பிரிவு 150,001 வெள்ளியையும் தொட்டதை நினைத்தால், 50 குதிரைத்திறன் சின்ன எஞ்சின் திடீரென்று அழகாகத் தெரியும். சாலை வரியிலும் இதே கதை. 1,584 சிசிக்கு ஆண்டு வரி ஏறத்தாழ 730 வெள்ளி, 14 வயதைக் கடந்த வண்டி என்பதால் அதன்மேல் 50 விழுக்காடு கூடுதல். ஆக 1,100 வெள்ளி.

35 வயதைக் கடந்த வண்டிகளுக்கு கிளாசிக் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. செலவு குறையும், ஆனால் ஆண்டில் குறிப்பிட்ட சில நாட்கள்தான் சாலையில் எடுக்கலாம். கேம்பர் வேன் வைத்திருப்பவருக்கு அது கைகளைக் கட்டிவிட்டது போலத்தான். சான்றிதழ் தீரும்வரை சாதாரணப் பதிவிலேயே ஓட்டுவது, அதற்குப்பின் கிளாசிக் திட்டத்தை யோசிப்பது என்று முடிவானது. விலையில் பெரும்பங்கு காகிதத்துக்குத்தான் போனது. இரும்புக்குக் கொடுத்தது கொஞ்சம். இதைப் பார்த்துப் பலர் வருந்துகிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. இரும்பைச் சரிசெய்ய வழி உண்டு, தீர்ந்துபோன ஐந்தாண்டுச் சான்றிதழைச் சரிசெய்ய வழியே இல்லை.

உயரத்தையும் அளந்தோம். கோம்பி சுமார் 1.95 மீட்டர். முந்தைய உரிமையாளர் மேலே ஒரு கூரைக் கூடையை மாட்டி வைத்திருந்தார். அதோடு அத்தான் வீட்டு அடுக்கு கார் நிறுத்துமிடத்தில் நுழையாது. கூடையைக் கழற்றினால் நுழையும். இப்படியொரு வண்டியை வாங்கிவிட்டுப் போய் வாயிலில் உள்ள உயரக் கம்பியில் இடித்துக்கொண்டவர்கள் உண்டு.

துரு மேலிருந்து வருகிறது

வாங்கப் போன அன்று அத்தான் சொன்னார்: “வண்டி ஓடுது, பெயிண்ட் பளபளன்னு இருக்கு. வேற என்ன பாக்கணும்?”

“பளபளப்புதான் அத்தான் பயமா இருக்கு.”

கையில் ஒரு காந்தம் கொண்டுபோயிருந்தேன், மெல்லிய துணி சுற்றிய சின்னக் காந்தம். தகரம் இருக்கும் இடத்தில் ஒட்டும். துருவை வெட்டாமல் புட்டிப் பசை நிரப்பிச் சாயம் பூசிய இடத்தில் வழுக்கிவிடும். பின்சக்கர வளைவு இரண்டிலும், ஓட்டுநர் பக்கக் கதவின் கீழ்ப்பகுதியிலும் வழுக்கியது.

இங்கே ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பியர் எழுதிய வழிகாட்டிகள் எல்லாம் வண்டிக்கு அடியில் பார் என்கின்றன. அங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவுவார்கள், அது கீழிருந்து தின்னும். நமக்கு உப்பும் இல்லை, பனியும் இல்லை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழையும், எப்போதும் விலகாத ஈரக்காற்றும் இருக்கின்றன. இங்கே துரு மேலிருந்து இறங்குகிறது. முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் காய்ந்து வெடிக்கும். மழைநீர் சட்டத்துக்குள் போகும். அங்கிருந்து டாஷ்போர்டுக்குப் பின்னால் வழிந்து தரையில், கால்மிதிக்கு அடியில் தேங்கும். கால்மிதிக்கு அடியில் ஒலியடக்கும் தார்ப்பாய் ஒட்டியிருப்பதால் காயவே காயாது. கூரையோரக் காடியில் அழுக்கு அடைத்தால் பக்கச் சுவருக்குள் இறங்கும். அங்கிருந்து கதவுக்கு அடியில் ஓடும் சில் எனப்படும் பெட்டிச் சட்டத்துக்குள் போய் உட்காரும். அந்தச் சட்டம் மூன்றடுக்குத் தகரம். வெளியே தெரிவது கடைசி அடுக்கு. வெளியடுக்கில் கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளடுக்கு எப்போதோ போய்விட்டது.

ஆகவே நாங்கள் வரிசையை மாற்றினோம். முதலில் கூரைக் காடி, பிறகு முன்கண்ணாடிச் சட்டம், பிறகு கால்மிதிகளைத் தூக்கித் தரை, எஞ்சின் அறையில் பேட்டரி உட்காரும் தட்டு, பின்தூணில் உள்ள காற்றுத் துளைகள், கடைசியில்தான் அடிப்பகுதி. அடிச்சட்டம் எதிர்பார்த்ததைவிட நல்ல நிலை. ஜாக்கி வைக்கும் இடங்கள் உறுதி. முன்கண்ணாடிச் சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டும் பிஸ்கட் போல உதிர்ந்தன. உரிமையாளர் ரப்பருக்கு மேல் சிலிகான் பிழிந்து வைத்திருந்தார். இதைப்போல மோசமான வைத்தியம் வேறில்லை. உள்ளே போன நீர் வெளியே வரும் வழியும் அடைபட்டுவிடும்.

எஞ்சினுக்கு ஒரே சோதனை, காசு செலவில்லாதது. எஞ்சினை அணைத்துவிட்டு, எஞ்சின் தண்டின் முனையில் உள்ள கிராங்க் புல்லியை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற அளவு ஆட்டம் இருந்தால் எஞ்சினைப் பிளந்து வேலை பார்க்க வேண்டியிருக்கும், பெருஞ்செலவு. புதிதில் ஆட்டம் மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு அளவே இருக்கும், கையால் உணர்வதே கடினம். இந்த வண்டியில் உணர முடியவில்லை. நான்கு சிலிண்டரின் அழுத்தமும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தது. துருவைக் காட்டி விலையைக் குறைத்தோம். எஞ்சின் நலமாக இருந்ததை வாய்விட்டுச் சொல்லவில்லை.

எது மேலே ஏறும்

வேலையை இரண்டாகப் பிரித்தோம். நெருப்பு, பெட்ரோல், பாரம், வண்டிக்கு அடியில் போக வேண்டியவை எல்லாம் காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில். மின்தூக்கியில் ஏறக்கூடியது, மணம் வீசாதது, பக்கத்து வீட்டார் காதை அடைக்காதது எல்லாம் ஏழாம் மாடியில் அக்காவின் சாப்பாட்டு மேசையில்.

பட்டறை நடத்தும் சீனப் பெரியவருக்குப் பழைய பீட்டில் கார்களோடு வளர்ந்த கை. எங்களுக்குள் பொது மொழி பாசார் மலாய். துருவைப் பார்த்துவிட்டு “போலே, தாபி லாமா” என்றார். ஆகும், ஆனால் நாளாகும். அவர் சொன்ன நிபந்தனை ஒன்றுதான்: அவசரப்படுத்தினால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணாடியைக் கழற்றுவது, உட்புறத்தைக் காலி செய்வது, புட்டியைச் சுரண்டுவது போன்ற சில்லறை வேலைகளை நாங்கள் அங்கேயே செய்ய இடம் கொடுத்தார். வெல்டிங் அவர் கையில்.

சில்லை வெட்டுவதற்கு முன் அவர் செய்ததைப் பார்த்துத்தான் நல்ல இடத்துக்கு வந்திருக்கிறோம் என்று நம்பிக்கை வந்தது. கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாக வெல்டு செய்தார். சில்லை அப்படியே வெட்டினால் வண்டியின் உடல் தொய்ந்துவிடும், அதன்பின் கதவு எந்நாளும் சரியாக மூடாது. ஒரு மில்லிமீட்டர் தகட்டைத் துண்டு துண்டாக வெட்டி, ஓர் இடத்தில் கொஞ்சம், தள்ளி இன்னோர் இடத்தில் கொஞ்சம் என்று பொட்டு வைப்பதுபோல ஒட்டிப் போனார். ஒரே கோடாக ஓட்டினால் சூட்டில் தகடு நெளியும். முடிந்ததும் துத்தநாகப் பூச்சு, பெட்டிச் சட்டத்துக்குள் நீண்ட குழாய் விட்டு மெழுகு. நீர் வடியும் துளைகளை மெழுகு அடைத்துவிடாமல் ஒவ்வொன்றிலும் கம்பி விட்டுப் பார்த்தோம்.

முன்கண்ணாடியைத் திரும்ப மாட்டுவது எல்லாருக்கும் பிடித்த வேலையாக இருந்தது. புது ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றிப் பொருத்தி, ரப்பரின் உதட்டுக்குள் ஒரு நூல்கயிற்றைச் சுற்றிலும் செலுத்தி, இரு முனைகளையும் உள்ளே தொங்கவிட வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளிருந்து ஒருவர் கயிற்றை மெல்ல இழுத்தால் உதடு சட்டத்தின் மேல் ஏறி உட்காரும். சோப்புத் தண்ணீர் தடவினால் எளிது. கயிற்றை இழுத்தது அக்கா. “கல்யாண வீட்டு மணவறைத் துணியே இதைவிடக் கஷ்டம்” என்றார்.

பிரேக்கில் அதிக வேலையில்லை. 1970 ஆகஸ்டுக்குப் பிறகு வந்தவற்றில் முன்னால் டிஸ்க் பிரேக் உண்டு. பின் டிரம்மில் இருந்த தேய்ந்த கட்டைகள் எந்தக் காலத்தவை என்று தெரியாது. பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றுக்குழாயால் ஊதவே கூடாது. ஈரத் துணியால் துடைத்துப் பையில் கட்டி ஒதுக்கினோம். டயர்களும் சாதாரண கார் டயர்கள். கோம்பிக்கு வேண்டியது பாரம் தாங்கும் 185ஆர்14சி. அந்த ‘சி’ எழுத்து முக்கியம். நான்கையும் மாற்றினோம்.

சூடு

காற்றால் குளிரும் எஞ்சின் சிங்கப்பூருக்கு ஆகாது என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்த வண்டியும் அதைத்தான் சொன்னது. பிஐஇ விரைவுச்சாலையில் கொஞ்ச தூரம் ஓடியதும் எண்ணெயின் சூடு 120 பாகை செல்சியஸைத் தாண்டியது. போக்குவரத்து விளக்கில் நின்றால் எஞ்சின் இருமி அடங்கியது. முந்தைய மெக்கானிக்கின் யோசனை, எஞ்சின் மூடியைச் சற்றுத் திறந்தே வைத்து ஓட்டுவது. அதற்காக ஒரு கொக்கியே மாட்டியிருந்தார்.

இந்த எஞ்சின் 1930களில் வரைந்த அடிப்படை, பிரேசிலின் வெயிலிலும் பல்லாண்டு ஓடியிருக்கிறது. ஆகவே ஊரைக் குறை சொல்வதற்கு முன் காற்று எங்கே போகிறது என்று பார்த்தோம். பின்பக்கம் கிடைமட்டமாக நான்கு சிலிண்டர். மேலே ஒரு விசிறி, ஜெனரேட்டரோடு சேர்ந்து ஒரே பெல்ட்டில் சுழலும். அது எஞ்சின் அறையிலிருந்து காற்றை உறிஞ்சி, சிலிண்டர்கள் மேலும் எண்ணெய்க் குளிரூட்டி மேலும் தள்ளும். சூடான காற்று கீழே போய்விடும். எஞ்சினைச் சுற்றியுள்ள தகரப் போர்வைதான் மேல் அறையின் குளிர்ந்த காற்றையும் கீழே உள்ள சூட்டையும் பிரிக்கும் தரை. அந்தத் தகரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே சுற்றிலும் ஒரு ரப்பர் முத்திரை உண்டு. ஸ்பார்க் பிளக் கம்பி தகரத்தைத் துளைக்கும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் மூடி உண்டு.

இந்த வண்டியில் சுற்று முத்திரை முழுதும் காணவில்லை. பிளக் மூடிகளில் இரண்டு இல்லை. விசிறி தான் வெளியேற்றிய சூட்டையே திரும்ப உறிஞ்சிக்கொண்டிருந்தது. விசிறிப் பெட்டிக்குள் காற்றைத் திருப்பிவிடும் மடல்களையும், அவற்றை இயக்கும் தெர்மோஸ்டாட்டையும் யாரோ கழற்றிப் போட்டிருந்தார்கள். வெயில் ஊருக்கு இவை எதற்கு என்ற எண்ணம்தான். மடல்கள் குளிர் நாட்டில் எஞ்சினைச் சூடேற்ற மட்டும் இல்லை. காற்றை எண்ணெய்க் குளிரூட்டிக்கும் சிலிண்டர்களுக்கும் பங்கிட்டுக் கொடுப்பதும் அவைதான். தெர்மோஸ்டாட் மட்டும் போனால் மடல்கள் திறந்த நிலையில் நிற்கும், பெரிய கேடில்லை. மடல்களையே எடுத்துவிட்டால் பங்கீடு கெடும்.

மூடியைத் திறந்து வைப்பது இதை இன்னும் மோசமாக்கும். காற்று உள்ளே வர வேண்டியது பின்தூண்களில் உயரத்தில் உள்ள துளைகள் வழியாக. வண்டி ஓடும்போது பின்புறத்தில் சுழல்வது சாலைச் சூடும் புகையும். அந்தக் கொக்கியைக் கழற்றி எறிந்தோம்.

எஞ்சினை இறக்கினோம். நூறு கிலோவுக்கு மேல் எடை, நான்கு போல்ட்டும் பின்பக்கத் தாங்கு சட்டமும் கழன்றால் ஜாக்கியில் இறங்கிவிடும். முத்திரை, மூடிகள், மடல்கள், தெர்மோஸ்டாட் எல்லாம் புதிது. எண்ணெய்க் குளிரூட்டியின் இதழ்களுக்கிடையே அடைத்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவினோம். வால்வு இடைவெளி எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.15 மில்லிமீட்டர். மூன்றாம் சிலிண்டரின் புகைவால்வில் இடைவெளியே இல்லாமல் இறுகியிருந்தது. அப்படியே விட்டால் வால்வு கருகும். தீப்பொறி நேரம் மிக முன்னால் வைக்கப்பட்டிருந்தது. நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் மொத்தம் 28 முதல் 32 பாகைக் கோணத்துக்குள் இருக்குமாறு திருத்தினோம்.

அதே சாலை, அதே மதிய நேரம், மூடி இறுக மூடியபடி ஓட்டிப் பார்த்தபோது எண்ணெய் 100 பாகையை ஒட்டியே நின்றது. பெரியவர் சிரித்தார். அத்தான் அந்தப் பழைய கொக்கியைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்.

ரப்பர் பெட்ரோல் குழாய்கள் எல்லாவற்றையும் அப்போதே மாற்றினோம். இந்த வண்டிகள் எரிந்துபோவதற்கு முக்கியக் காரணமே வெடித்த குழாய்தான், அது சூடான எஞ்சினுக்கு நேர்மேலே ஓடுகிறது. பெட்ரோல் வடிகட்டியை எஞ்சின் அறையில் தொங்கவிடும் வழக்கத்தையும் நிறுத்தி, அறைக்கு வெளியே டேங்க் பக்கம் மாற்றினோம். தீயணைப்பான் ஒன்று ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில்.

சாப்பாட்டு மேசை

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைப் பட்டறையிலேயே முழுக்கக் கழுவி, பெட்ரோல் வாசம் போகக் காய வைத்துத்தான் மேலே கொண்டுவந்தோம். மாடல் சோலெக்ஸ் 34 பிக்ட்-3. அதன் மேல்மூடியில் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழாய் வெறுமனே அழுத்திப் பொருத்தியது. காலப்போக்கில் தளர்ந்து ஒருநாள் கழன்று வந்துவிடும். அதைப் பட்டறையில் திருகுமரை வெட்டி இறுக்கச் சொன்னோம். மேசையில் செய்தது நிதானமான வேலைகள்: முடுக்குப் பம்பின் சவ்வு, மிதவை ஊசி, காஸ்கட்டுகள், பெட்ரோல் பாயும் ஜெட் எனும் சின்னத் திருகுகளின் துளைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது. ஒவ்வொரு ஜெட்டும் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சீட்டு. இரண்டு ஜெட் ஒரே மாதிரி இருக்கும், துளை மட்டும் வேறு.

“மேசைல இன்னொரு தடவ அந்தக் கறுப்புப் பிசுக்கப் பாத்தேன், எல்லாத்தையும் குப்பைத் தொட்டில போட்டுடுவேன்” என்றார் அக்கா. அதன்பின் பழைய தமிழ் முரசுத் தாள்களை விரித்துத்தான் வேலை.

வேகமானி, கடிகாரம், கதவுக் கண்ணாடியை ஏற்றும் கருவிகள், பூட்டுகள், உட்புற விளக்குகள் என்று ஒவ்வொன்றாக மேலே வந்து போயின. மின்கம்பி முனைகளுக்கும் உருகிகளுக்கும் சிம் லிம் டவர் மின்னணுக் கடைகள் போதும். சுங்கை ரோடு பழைய சந்தை இருந்திருந்தால் சில பொத்தான்களை அங்கே பொறுக்கியிருக்கலாம். 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள். அதற்குப்பிறகு இப்படிப்பட்ட சாமான்களுக்கு வெளிநாட்டுத் தபால்தான்.

மரவேலையில் சட்டத்தை மனத்தில் வைக்க வேண்டியிருந்தது. பதிவில் உள்ள இருக்கைகளைக் கழற்றவோ கூட்டவோ நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். ஆகவே இருக்கைகளைத் தொடவில்லை. பின் இருக்கையை மடித்தால் கிடைக்கும் தளத்தையும் எஞ்சினுக்கு மேல் உள்ள மேடையையும் சேர்த்து விரிக்கும் மடிப்புப் பலகைதான் படுக்கை. அலமாரியும் தனிப் பெட்டி. பட்டையால் கட்டி வைப்பது, வாகன ஆய்வு நாளில் தூக்கி வெளியே வைத்துவிடலாம். ஒட்டுப்பலகையைச் சுங்கை காடுட்டில் அளவு கொடுத்து அறுத்து வாங்கினோம், வீட்டில் ரம்பச் சத்தமே இல்லை. விளிம்புகளை மூன்று முறை வார்னிஷில் முக்கினோம். நம் ஊர் ஈரத்தில் பலகை ஊதுவது முகத்திலிருந்து இல்லை, வெட்டிய விளிம்பிலிருந்துதான். இதைச் செய்யாத அழகான வேன்களை இரண்டு மழைக்காலம் கழித்துப் பார்க்க வேண்டும்.

திரைத் துணி அரப் ஸ்திரீட்டில் எடுத்து, தேக்கா நிலையத்தின் மாடியில் தைத்தது. இருக்கை உறைக்கு வேண்டிய தடித்த துணியை அங்கே பலர் தொட மறுத்தார்கள், ஊசி உடையும் என்று. கடைசியில் ஒருவர் ஒப்புக்கொண்டு, பழைய உறையைப் பிரித்து அதையே வெட்டு மாதிரியாக வைத்துத் தைத்தார். நேர்த்தியான வேலை.

முக்கால் டேங்க்

கட்டாயம் சரியாக வேண்டிய கருவி எரிபொருள் அளவுமானி. சிங்கப்பூர் வண்டி உட்லண்ட்ஸ் அல்லது துவாஸ் வழியாக மலேசியாவுக்குப் போகும்போது டேங்கில் முக்காலுக்குக் குறையாமல் பெட்ரோல் இருக்க வேண்டும், இல்லையென்றால் அபராதம். அதிகாரி பார்ப்பது அளவுமானி முள்ளைத்தான். எங்கள் கோம்பியில் டேங்க் நிறைந்திருந்தாலும் முள் பாதியைத் தாண்டாது.

கோளாறு முள்ளில் இல்லை, டேங்குக்குள் மிதக்கும் கருவியில் இருந்தது. அது டேங்கின் மேல்முகத்தில் இருக்கிறது. இந்தத் தலைமுறைக் கோம்பியில் எஞ்சினை இறக்காமல் அங்கே கை போகாது. சிலர் பொறுக்காமல் தரைத் தகட்டில் துளை வெட்டுவார்கள். சூட்டுப் பிரச்சினைக்காக எஞ்சின் ஏற்கெனவே கீழே இருந்ததால் எங்களுக்கு வெட்ட வேண்டியிருக்கவில்லை. கருவியைப் பட்டறையில் கழுவிக் காயவைத்து மேசைக்குக் கொண்டுவந்தோம். மிதவை சறுக்கும் மெல்லிய எதிர்ப்புக் கம்பியில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. மின்தடைமானியை வைத்து மிதவையை மெல்ல உயர்த்தினால், எண் சீராகக் குறைந்துகொண்டே வந்து மேல் பகுதியில் தாறுமாறாகக் குதித்தது. கம்பியைத் துடைத்து, தொடுமுனையை மெல்ல வளைத்ததும் குதிப்பு நின்றது. தரை இணைப்புக் கம்பியும் துருப்பிடித்திருந்தது, அதையும் மாற்றினோம். நிரப்பிப் பார்த்தபோது முள் உச்சியைத் தொட்டது.

பத்து வயதைக் கடந்த காருக்கு ஆண்டுதோறும் ஆய்வு உண்டு. பிரேக், விளக்கு, புகை எல்லாம் தேறியது. அலமாரியை அன்று அக்கா வீட்டு வரவேற்பறையில் வைத்திருந்தார்கள், தொலைக்காட்சிக்குக் கீழே. இப்போதும் வண்டி நிற்கும் நாட்களில் அது அங்கேதான் இருக்கிறது.

முதல் நெடும்பயணம் கேமரன் மலைக்கு. மலேசியாவுக்குள் வண்டி நுழைய வேண்டிய விஇபி அனுமதிப் பதிவு முன்பே முடிந்திருந்தது. மலேசியாவில் சிங்கப்பூர் வண்டிக்கு 95 ஆக்டேன் பெட்ரோல் கிடையாது, 97தான் நிரப்ப வேண்டும். தாப்பாவிலிருந்து மலை ஏறும் பழைய சாலையில் பெரும்பாலும் இரண்டாம் கியர். பின்னால் வந்த லாரிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கித்தான் ஏறினோம். எண்ணெய் 110 பாகையை நெருங்கியபோது ஓரிடத்தில் நிறுத்தினோம். எஞ்சினை உடனே அணைக்கவில்லை, விசிறி ஓடினால்தான் சூடு இறங்கும். மேலே போனதும் எண்ணெய் அளவு பார்த்தோம், கோலில் குறைவே இல்லை. மொத்தமே இரண்டரை லிட்டர் பிடிக்கும் எஞ்சினில் அது நல்ல சேதி.

ஒன்று மட்டும் மிச்சம். இறக்கத்தில் மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு வரும்போது கம்பி தடுமாறி இடம் தேடுகிறது. ஓட்டுநர் காலடியிலிருந்து வண்டியின் முழு நீளத்துக்கும் ஓடும் நீண்ட கியர் தண்டு அது. கியர்பெட்டிக்கு முன்னால் உள்ள இணைப்பில் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கும். சில வெள்ளி விலை. அத்தான் வாங்கி, பையில் போட்டுச் சீட்டும் ஒட்டிவிட்டார். மாட்ட வேண்டுமென்றால் வண்டிக்கு அடியில் போக வேண்டும். பட்டறையில் அடுத்த இடம் கிடைக்கும்வரை அது அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது.